சனாதனன், தாமோதரம்பிள்ளை

ஈழத்து ஓவியர், கலை வரலாற்றாசிரியர். பிறப்பு 1969, யாழ்ப்பாணம். டில்லியில் பயின்றவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறார்.

2011இல் வெளிவந்த ‘இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலைநூலே இவருடைய படைப்புகளில் அதிகம் பேசப்பட்டது. தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு. எவரிடம் எவ்வளவு காணி என்று வரிக்காக எழுதிய அந்தக் கணக்கைச் சனாதனன் தலைகீழாக்கினார்: இழந்த வீட்டுக்கு இழந்தவரே எழுதும் தோம்பு இது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தம் வீட்டை நினைவிலிருந்து வரைந்தனர். கோடு நடுங்கும், அளவு பிசகும். அதே வீட்டைக் கட்டடக் கலைஞர் அளவுப்படி வரைந்த படமும், ஓவியரின் பாஸ்டல் சித்திரமும் உடன் வரும். கைநடுக்கமுள்ள முதற்படமே நூலின் உயிர் எனலாம்.

புத்தளக் கரையோர வாசகருக்கு இது அயல் கதையன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. அங்கே, கற்பிட்டியில், தோம்பை விரிவாக்கிய அதே ஒல்லாந்தரின் கோட்டை இன்றும் நிற்கிறது.

2004இல் யாழ் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியிலும், மக்கள் வீடுகளில் காத்துவைத்த பொருட்களையே இவர் காட்சிக்கு வைத்தார்.