சாவா மூவாப் பேராடு

பக்ரீத் நெருங்கும் வாரங்களில் கோட்டக்குப்பம் வழியே செல்கையில், விலைபேசப்படும் செம்மறிக் கிடாக்களை நாம் கண்டிருப்போம். உயரமும் எடையும் மிக்க கிடாவே முதலில் விலைபோகும். அது வணிகத்தின் இயல்பு. ஆனால் பட்டியில் எஞ்சி, அடுத்த தலைமுறைக்குத் தந்தையாவது எது? இவ்வினாவுக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு.

சோழர் கல்வெட்டுகளில் பயிலும் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரை நாம் அறிவோம். முதலாம் இராசராசன் (985-1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். ஆடு மூப்படையும், இறக்கும். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. அது தலைக்கணக்கு.

தலைக்கணக்கோடு நில்லாமல் ஆட்டின் தரத்தையும் கணக்கிட முனைந்தவருள் முதன்மையானவர், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ராபர்ட் பேக்வெல். தம் கிடாக்களைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, அவை ஈன்ற குட்டிகளைக் கொண்டு அவற்றை மதிப்பிட்டார். அந்தக் கண்மதிப்பைக் கணிதமாக்கினார் அமெரிக்க அறிஞர் ஹேசல், 1943இல். எடை, குட்டிகளின் எண்ணிக்கை போன்ற பண்புகள் எவ்வளவு மரபுவழி இறங்குகின்றன, ஒன்றையொன்று எங்ஙனம் பாதிக்கின்றன, வளர்ப்போருக்கு என்ன வருவாய் தருகின்றன என்னும் மூன்றையும் சேர்த்து நிறுத்து, ஒரே மதிப்பெண்ணாகத் தருவதே அவர் வகுத்த தேர்வுக் குறியீட்டெண்.

செங்கல்பட்டு முதல் விழுப்புரம் வரை மேயும் நம் வட்டாரத்துச் செம்மறி ‘சென்னைச் சிவப்பு’. மயிர் குறைந்தது, இறைச்சிக்கென்றே வளர்க்கப்படுவது. 1971இல் தொடங்கிய அகில இந்தியச் செம்மறி ஆய்வுத் திட்டம் 1990இல் வலையமைப்புத் திட்டமாக மாறியது. அதன்கீழ்க் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தார் உழவர்தம் பட்டிகளுக்கே சென்று குட்டிகளை எடையிட்டனர். ஆறு மாத எடையை முதன்மையாகக் கொண்டு பொலிகிடாக்களைத் தெரிந்து, மந்தைகளுக்கு வழங்கினர். பல பண்புகளை நிறுக்கும் ஹேசலின் முறையோடு ஒப்பிட, இஃது எளிய தொடக்கமே. பிறந்த நாளும் தாயின் அடையாளமும் எழுதிவைக்கப்படாத பட்டியில் அதற்குமேல் கணக்கிட இயலாது.

இடர் வேறோரிடத்திலும் உள்ளது. குறியீட்டெண் எந்தக் கிடாவை நிறுத்தச் சொல்கிறதோ, அதற்கே வணிகர் கூடுதல் விலை தருகிறார். பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அதை விற்கும் ஆயரை நாம் குறைசொல்லலாகுமா? நல்ல கிடாவை ஈராண்டு வைத்திருப்போருக்கு அந்த விலையை ஈடுசெய்யாதவரை எந்தக் கணிதமும் பட்டிக்குள் நுழையாது.

தலைக்கணக்கு மாறாமலே இருக்கும். ஆடு மட்டும் தலைமுறைதோறும் சிறுக்கும். அதனைச் சாவா மூவாப் பேராடு என்று அழைக்க நமக்கு மனம் வருமா?