ஒலி புகாச் செவியும் ஓயாத மூளையும்

குரங்கின் கடைநுதற் சோணையின் மேல்மடிப்பை மின்னால் தூண்டியபோது அதன் எதிர்ப்புறக் காது நிமிர்ந்ததென ஸ்கொத்லாந்து மருத்துவர் டேவிட் பெறியர் 1876இல் வெளியிட்ட நூலிற் குறித்தார். மூளையிற் கேள்விக்குரிய இடம் இதுவே என்னும் கொள்கை வேரூன்றலாயிற்று. செவிப்புலனற்றோரிடத்து அவ்விடம் தரிசாகவே கிடக்கும் என்று எண்ணுதல் எளிது. ஆயின் எளிதானது யாவும் உண்மையாகிவிடாது.

நான்காண்டு கழித்து, 1880இல், மிலான் நகரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, வாய்மொழிப் பயிற்சியே சிறந்ததெனத் தீர்மானித்தது. தீர்மானித்தோருட் பெரும்பாலார் செவியுடையோர். ஐரோப்பியப் பாடசாலைகள் பலவற்றினின்று சைகைமொழி வெளியேற்றப்பட்டது. கைகளாற் பேசிய பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன.

மூளையின் சான்று மிகப் பிந்தியே வந்தது. பிறவியிலேயே செவிப்புலனற்றோர் சைகைமொழியைக் கண்ணுறுங்கால், ஒலிக்கே உரியதெனக் கருதப்பட்ட மூளைய மேற்பட்டையிற் குருதியோட்டம் மிகுவதை லோறா பெற்றிற்றோவும் உடனாய்வாளரும் 2000இல் வெளியிட்டனர். 2010இல் லோம்பர் குழுவினர் பூனைகளிற் கண்டது இன்னுந் தெளிவானது. பிறவியிற் செவிடான பூனைகள், கேட்கும் பூனைகளினும் ஓரப்பார்வையிற் சிறந்திருந்தன. கேள்விக்குரிய மேற்பட்டையின் பிற்பகுதியைக் குளிர்வித்துச் செயலிழக்கச் செய்ததும் அச்சிறப்பு மறைந்தது. குளிர் நீங்கியதும் மீண்டது. காதிழந்த இடத்தைக் கண் உழுது பயிரிட்டிருந்தது எனலாம்.

இவ்விசைவாக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. பிறவிச் செவிடருக்குச் செவியுட் பொருத்தும் மின்கருவி முதற் சில ஆண்டுகளுட் பொருத்தப்படின் பெரும்பயன் தரும். காலந்தாழ்த்தின் ஒலிக்குப் பழகாத மேற்பட்டை அதனை எளிதில் ஏற்பதில்லை. அச்சிறு பருவத்திற் சைகையையும் மறுப்பின், பிள்ளை எம்மொழியும் இன்றியே வளர நேரும்.

அதே 2010இல் வன்கூவரிற் கூடிய அம்மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தந் தெரிவித்தது. இடையிற் கழிந்தவை 130 ஆண்டுகள்.