கருவில் முகம் உருவாதல்: உதட்டுப் பிளவு குறித்த தமிழ் மரபின் காரண விளக்கங்களும் கருவியல் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

பிறக்கும்போதே மேலுதடோ அண்ணமோ பிளந்திருக்கும் நிலைக்குத் தமிழர் வழக்கில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் காரணம் கிரகணமாகும். சூல்கொண்ட பெண் கிரகண வேளையில் வெளியே வந்தாலோ, கத்தியையும் அரிவாள்மணையையும் கையாண்டாலோ குழந்தையின் உதடு அறுபடும் என்பது அந்நம்பிக்கை. கருவில் முகமும் வாயும் உருவாகும் முறை குறித்த அறிவு வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை இந்நம்பிக்கையோடும், பழந்தமிழ் நூல்கள் பிறவிக் குறைகளைப் பேசும் முறையோடும் ஒப்பிட்டு ஆராய்கின்றது. பழியைத் தாய் ஒருத்தியின்மீது மட்டும் சுமத்தும் விளக்கத்திற்கு நூல் மரபில் உறுதியான அடிப்படை இல்லை என்பதையும், கருவியல் காட்டும் கால அளவு அவ்விளக்கத்தைப் பொருளற்றதாக்குகின்றது என்பதையும் இது நிறுவுகின்றது.

திறவுச் சொற்கள்: கருவியல், உதட்டுப் பிளவு, அண்ணம், கிரகணம், எச்சம், கர்ப்பக் கிரியை, பிறப்பியல்

முன்னுரை

2010 சனவரி 15 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதை தமிழகத்தின் தென்கோடி வழியாகச் சென்றது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊராக வரலாற்றில் அறியப்படும் கயத்தாறும், தூத்துக்குடி முத்துக்குளித்துறைக் கடற்கரையும், கன்னியாகுமரியும் அப்பாதையில் அமைந்தன. இத்தகைய வேளைகளில் கருவுற்ற பெண்களை வீட்டிற்குள் இருத்துவதும், நறுக்குதல், தைத்தல் முதலிய வேலைகளை விலக்குவதும் தமிழகமெங்கும் காணப்படும் வழக்கம். வழக்கம் என்ற அளவில் இதனால் பெருந்தீங்கு இல்லை எனலாம். ஆனால் பிளவுற்ற உதட்டுடன் ஒரு குழந்தை பிறந்தபின், அதே வழக்கம் தாயை நோக்கிக் கேட்கப்படும் கேள்வியாக மாறுகின்றது. அவள் அன்று என்ன செய்தாள், எதை நறுக்கினாள் என்று குடும்பம் பின்னோக்கித் தேடுகின்றது. அக்கேள்வியின் தோற்றத்தையும் தகுதியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழ் நூல்களில் பிறவிக் குறை

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், மக்கட் பிறப்பில் நேரும் குறைகளை எட்டாக வகுத்து அவற்றை ‘எச்சம்’ என்னும் சொல்லால் சுட்டுகின்றது. குருடு, உறுப்பற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கின் வடிவு, மருள் என்பன அவ்வெட்டாகும். இப்பட்டியலில் உதட்டுப் பிளவு தனியே இடம்பெறவில்லை. பாடல் குறைகளை எண்ணுகின்றதே தவிர, அவற்றின் பொருட்டுத் தாயைக் குற்றம் சாட்டவில்லை.

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் உள்ள ‘கர்ப்பக் கிரியை’ என்னும் பகுதி ஒரு படி மேற்சென்று காரணம் கூற முற்படுகின்றது. குறள், முடம், கூன் ஆகியவற்றை அது கூடல் வேளையில் பாயும் வாயுவின் நிலையோடு தொடர்புபடுத்துகின்றது. அந்த வாயு மகளிர்க்கு இல்லை என்றும் அப்பாடலே வரையறுக்கின்றது. மந்தம், ஊமை, குருடு ஆகியவற்றைத் தாயின் வயிற்றில் மலமும் நீரும் மிகும் நிலையோடு சார்த்துகின்றது. இக்காரணங்கள் இன்றைய அறிவியலுக்கு ஏற்புடையன அல்ல. எனினும் அவற்றின் அமைப்பு கருதத்தக்கது: பொறுப்பு தந்தை, தாய் இருவர்க்கும் பகிரப்படுகின்றது, விளக்கம் உடலுக்குள்ளேயே தேடப்படுகின்றது, வானத்து நிகழ்ச்சி எதுவும் அங்கே காரணமாகக் காட்டப்படவில்லை.

மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல், கரு கடந்துவரும் இடர்களை முதல் மாதம் தொடங்கித் திங்கள்தோறும் வரிசைப்படுத்துகின்றது. இதனைக் கருவியலின் முன்னறிவாகக் கொள்வது பொருந்தாது. பிறவியின் அருமையை உணர்த்துவதே அதன் நோக்கம். ஆயினும் கருவின் வாழ்வைப் படிநிலைகளாகக் காணும் பார்வை தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்றாகின்றது.

கிரகண நம்பிக்கையின் பரப்பு

கிரகணத்தையும் உதட்டுப் பிளவையும் இணைக்கும் எண்ணம் தமிழகத்திற்கோ இந்தியாவிற்கோ மட்டும் உரியதன்று. மெக்சிகோவின் அசுடெக் மக்களிடையே சந்திர கிரகணத்தின்போது கருவுற்ற பெண் கரும்பாறைக் கண்ணாடிக் கத்தியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதன் எச்சமாக இன்றும் அங்கு ஊக்கு, சாவி முதலிய உலோகப் பொருள்களை ஆடையில் பொருத்திக்கொள்வர். அங்கே கூர்மையான பொருள் குழந்தையைக் காக்கின்றது. இங்கே அதே பொருள் குழந்தையை அறுக்கின்றது. ஐரோப்பாவிலோ முயல் குறுக்கிட்டதே காரணம் என்று நம்பினர். ஒரே குறைக்கு ஒன்றையொன்று மறுக்கும் விதிகள் வெவ்வேறு நிலங்களில் வழங்குவது, அவை உற்றுநோக்கலிலிருந்து பிறந்தவை அல்ல என்பதைக் காட்டுகின்றது.

நம்பிக்கை தோற்காமல் நிலைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிரகணங்கள் நிகழும் பருவம் ஏறத்தாழ 173 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் வருகின்றது. கருவுற்ற காலமோ ஏறத்தாழ 266 நாட்கள். எனவே எந்தக் கருவுற்ற காலத்திலும் ஒரு கிரகணப் பருவமேனும் அடங்கியே தீரும். அவை அனைத்தும் கயத்தாற்றில் கண்ணுக்குத் தெரியா. ஆயினும் குழந்தை பிறந்தபின் பஞ்சாங்கத்தைப் புரட்டுவோர்க்கு ஒரு கிரகணம் அகப்படாமல் போகாது. அதே காலத்தில் குறையின்றிப் பிறந்த குழந்தைகளை எவரும் எண்ணுவதில்லை.

கருவியல் கண்ட முகம்

கருவின் முகம் குறித்த ஐரோப்பிய ஆய்வில் வில்லியம் ஆர்வி 1651இல் வெளியிட்ட உயிர்த்தோற்றம் பற்றிய நூல் குறிப்பிடத்தக்கது. மனிதக் கருவில் மேலுதடு காலந்தாழ்த்தே கூடுகின்றது என்றும், உதடு பிளந்து பிறப்பதற்கு அதுவே காரணமாகலாம் என்றும் அவர் கருதினார். இக்கருத்து ஆய்வின் திசையையே மாற்றவல்லது. முழுதாக இருந்த உதட்டை வெளியிலிருந்து ஏதோ ஒன்று அறுக்கின்றது என்பதே கிரகண நம்பிக்கையின் அடிப்படை. ஆர்வியின் கருத்துப்படி அங்கே அறுபட எதுவும் இல்லை. கூட வேண்டியது கூடாமல் நின்றது.

1825இல் இராத்கே, பாலூட்டியின் கருவில் மீனின் செவுள் போன்ற தொண்டைப் பிளவுகளைக் கண்டறிந்தார். வில்கெல்ம் கிசு 1880 முதல் 1885 வரை வெளியிட்ட நூலில் மனிதக் கருக்களை மெல்லிய சீவல்களாக ஆராய்ந்து, முகம் தனித்தனி மேடுகளாகத் தோன்றுவதை விளக்கினார். 1893இல் சூலியா பிளாட் என்னும் பெண் அறிஞர், தலைக் குருத்தெலும்புகளின் ஒரு பகுதி கருவின் புறப்படலத்திலிருந்து வருகின்றது என்றார். அக்கால அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 1969 முதல் நிக்கோல் லெ துவாரென் காடைக் கருவின் உயிரணுக்களைக் கோழிக் கருவில் பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகள், நரம்பு முகட்டு உயிரணுக்கள் முகத்திற்கு இடம்பெயர்ந்து எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறுவதை ஐயமற நிறுவின.

இன்றைய விளக்கம் வருமாறு: நான்காம் வாரத்தில் வாய்க்குழியைச் சுற்றி ஐந்து மேடுகள் எழுகின்றன. மேலே நெற்றி மேடு ஒன்று; பக்கங்களில் மேல்தாடை மேடுகள் இரண்டு; கீழே கீழ்த்தாடை மேடுகள் இரண்டு. நெற்றி மேட்டில் மூக்குக் குழிகள் தோன்றி, அவற்றின் இருபுறமும் மூக்கு மேடுகள் உருவாகின்றன. ஆறு, ஏழாம் வாரங்களில் உள் மூக்கு மேடுகளும் மேல்தாடை மேடுகளும் இணைந்து மேலுதடாகின்றன. அண்ணத்தின் இரு தகடுகள் முதலில் நாவின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. எட்டாம் வார அளவில் நா கீழிறங்க, தகடுகள் கிடைநிலைக்கு உயர்ந்து ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து, பன்னிரண்டாம் வாரத்திற்குள் இணைகின்றன. இவ்விணைப்புகளில் ஒன்று தவறினால் பிளவு எஞ்சுகின்றது.

இக்கால அளவே கிரகண விளக்கத்திற்கு வலிய மறுப்பாகும். மேலுதடு கூடி முடியும் ஏழாம் வாரத்தில் பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அப்போதுதான் உணர்ந்திருப்பர், வயிறு வெளித்தெரியாது. விலக்குகள் கடுமையாக்கப்படும் பிந்திய மாதங்களில் உதடும் அண்ணமும் முன்பே முடிவுற்றவை. ஐந்தாம் மாதத்தில் எடுத்த கத்தி ஏழாம் வாரத்தில் கூடிய உதட்டைப் பிரிக்க இயலாது.

காரணங்களைத் தேடிய ஆய்வும் ஒற்றைக் காரணத்தில் நிற்கவில்லை. 1942இல் தென்மார்க்கின் போக்-ஆண்டர்சன் குடும்ப வழிப் பரவலை ஆராய்ந்தார். அதே காலத்தில் வார்க்கனி, குறித்த உயிர்ச்சத்துக் குறைபாடுற்ற தாய் எலிகளின் குட்டிகளில் அண்ணப் பிளவு தோன்றுவதைக் காட்டினார். 2002இல் ஐ.ஆர்.எஃப்.6 என்னும் மரபணுவின் மாற்றம் பிளவோடு கூடிய ஒரு பரம்பரை நோய்த்தொகுதிக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. புகைத்தல், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், தாயின் நீரிழிவு ஆகியனவும் இடர்க் காரணிகளாக அறியப்பட்டுள்ளன. உறவுத் திருமணமும் ஆராயப்படுகின்றது. ஆனால் உறவில் மணந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இக்குறையுள்ள குழந்தை பிறப்பதில்லை. ஏறத்தாழ 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் நேரும் இக்குறையில், ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு இதுவே காரணம் என்று சுட்டுவது பெரும்பாலும் இயலாது.

அண்ணமும் வல்லினமும்

தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துப் பிறக்கும் இடங்களை எட்டாக எண்ணுகின்றது. தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றோடு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்தும் சேர்ந்தவை அவை. இவ்வைந்தில் இதழையும் அண்ணத்தையும் பிளவு நேரே தாக்குகின்றது; மூக்கையும் பல்வரிசையையும் உடன் பாதிக்கின்றது. நன்னூல் மெல்லினத்திற்கு மூக்கை இடமாகக் கூறும். அண்ணம் பிளந்த குழந்தைக்கோ வல்லினத்திற்குரிய காற்றும் மூக்கின் வழியே கசிகின்றது. பகரம் மகரத்தின் சாயலைப் பெறுகின்றது. வல்லினத்தின் வன்மை கெடுகின்றது. பேச்சு பழகுவதற்கு முன்பே, பெரும்பாலும் 9 முதல் 18 மாதங்களுக்குள், அண்ணத்தை மூட மருத்துவர் முனைவது இதனாலேயே. உதட்டுக்கான அறுவை ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் செய்யப்படுகின்றது.

வழக்கில் ‘அன்னப் பிளவு’ என எழுதப்படுவது திருத்தத்திற்குரியது. அன்னம் பறவையையும் சோற்றையும் குறிக்கும். வாயின் மேற்கூரை அண்ணமே. தொல்காப்பியம் தந்த சொல்லை மருத்துவத் தமிழ் இழக்க வேண்டியதில்லை.

மருத்துவ அறிவு தமிழில் வந்த வழி

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் காட்டியது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயில் மாணவர்களைத் தமிழில் பயிற்றினார். பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872) முதலிய நூல்கள் அவர் முயற்சியில் வெளிவந்தன. மகப்பேறும் அறுவையும் உடற்கூறும் தமிழில் எழுதப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துள்ளது. எனினும் கருவில் முகம் உருவாகும் முறை பொதுமக்களுக்குரிய தமிழில் போதிய அளவு சொல்லப்படாமையால், அவ்விடத்தைக் கிரகணம் நிரப்பி நிற்கின்றது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் உதட்டுப் பிளவையும் அண்ணப் பிளவையும் கண்டறிய வேண்டிய பிறவிக் குறைகளுள் சேர்த்துள்ளது. குறையைக் கண்டறியும் பணியாளர் அதன் பிறப்பையும் தாய்க்கு விளக்க வல்லவராதல் வேண்டும்.

முடிவுரை

புறநானூறு குறையை எண்ணியது. திருமந்திரம் அதன் காரணத்தைப் பெற்றோர் இருவரின் உடலிலும் தேடியது. தாயின் கையில் இருந்த கத்தியை மட்டும் காட்டும் விளக்கத்திற்கு ஈண்டு ஆராயப்பட்ட நூல்கள் சான்று தரவில்லை. எனவே அதனை மறுப்பது மரபை மறுப்பதாகாது. கருவியலின்படி உதட்டுப் பிளவு அறுபட்ட காயமன்று, கூடாமல் நின்ற இணைப்பு. அறுத்தவர் இல்லாத இடத்தில் குற்றவாளியும் இல்லை. உதடும் அண்ணமும் மருத்துவரால் கூட்டப்படக்கூடியவை. தாயின்மீது சுமத்தப்பட்ட பழியை நீக்குவது, இவ்வறிவைத் தெளிந்த தமிழில் எடுத்துரைப்போரின் கடனாகும்.