தீவை இழந்த குலமும் கடலைப் பிடித்த பெயரும்

கல்கத்தா நகரத்தில், லால் திகி என்னும் பழைய குளத்தின் வடகிழக்கு மூலையிலே, செந்நிற ரைட்டர்ஸ் மாளிகைக்குப் பக்கத்தில், 1818ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் தன் உயர்ந்த கோபுரத்துடன் இன்றும் நிற்கிறது. கரையா ரோட்டில் 1820 முதல் ஸ்காட்லாந்து தேசத்தாருக்கென்றே ஒதுக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் ஒன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரர் என்ற ஒரே சொல்லால் நாம் குறித்துவிடுகிற அந்தக் கூட்டத்துக்குள்ளே, வழிபடுவதற்குத் தனிக் கோயிலும் அடங்குவதற்குத் தனி நிலமும் வேண்டுமென்று கேட்டுப் பெற்றுக்கொண்ட ஒரு ஜனசமூகம் இருந்தது என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி. அத்தோட்டத்துக் கற்களில் பலவற்றில் மாண்டவரின் பெயரோடு அவர் பிறந்த ஊரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சொந்த ஊரின் நினைவை மரணத்திலும் விடாத அந்த மனிதர்களின் குடிப்பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்துவரும் இத்தொடரில், இவ்வாரம் மக்கின்னன் என்னும் பெயரை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக் கடற்கரை நன்றாக அறிந்திருந்தும் பெயர் சொல்லி அழைத்திராத பெயர் அது.

‘மாக்’ என்றால் கேலிக் மொழியில் மகன். பிங்கன் என்பவரின் மக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட இக்குலத்தார், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள மல், ஸ்கை என்ற இரு தீவுகளில் நிலம் பெற்று வாழ்ந்தவர்கள். பழைய அரசர் கென்னத் மக்கால்பினின் வம்சத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய பரம்பரை நம்பிக்கை. அத்தீவுகளையெல்லாம் ஓர் அதிபதி ஆண்டுவந்த காலத்தில் அவருடைய சபையில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கடமை விதிக்கப்பட்டிருந்ததாகவும், எடையும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு மக்கின்னன்களுடையது என்றும் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு குலசரித்திரம் கூறுகிறது. தராசும் படியும் காத்தவர்களின் பெயர் பிற்காலத்தில் ஒரு வியாபார ஸ்தாபனத்தின் பெயராயிற்று என்பதை நினைக்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. அயோனா என்னும் புண்ணியத் தீவின் மடத்துக்கும் இக்குலத்தார் தலைவர்களைத் தந்தார்கள். 1500 வாக்கில் மறைந்த ஜான் மக்கின்னன் என்ற மடாதிபதியின் கற்படிமம் அங்கே இருக்கிறது.

இந்தப் பெருமை நீடிக்கவில்லை. 1493இல் தீவதிபதியின் ஆட்சியை ஸ்காட்லாந்து அரசர் பறித்துக்கொண்டார். இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு, தம் வம்சத்துக்கு அரியணை கோரி 1746ஆம் ஆண்டு கலோடன் போரில் தோற்று ஓடிய இளவரசர் சார்லஸ் எட்வர்டை ஸ்கைத் தீவிலிருந்து படகேற்றிப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் வயோதிகரான மக்கின்னன் குலத்தலைவரும் ஒருவர். அந்த விசுவாசத்துக்காக அவர் சிறையில் அடைக்கப்பட்டார். குலத்தின் நிலங்கள் அந்நூற்றாண்டிலேயே கைமாறின. அதற்குப் பின் வந்தது எல்லாவற்றிலும் கொடியது. ஆட்டு மந்தை வளர்த்தால் வருமானம் அதிகம் என்று கண்ட நிலப்பிரபுக்கள் குடியானவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றிய காலம் அது. ஸ்கைத் தீவில் பழைய மக்கின்னன் நாடாகிய ஸ்ட்ராத்தில் போரெரைக், சூஷ்னிஷ் என்ற கிராமங்கள் 1853இல் காலிசெய்யப்பட்டன. அவ்வாறு வேரறுந்த குடும்பங்களுடன் இப்பெயர் கானடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது.

கல்கத்தாவுக்கு வந்த கிளை வேறு வழியாக வந்தது. கின்டயர் என்னும் நீண்ட தீபகற்பத்தின் தென்கோடியிலுள்ள காம்பெல்டவுன் துறைமுகத்தில் 1823இல் பிறந்த வில்லியம் மக்கின்னன், குலத்தலைவரின் வீட்டுப் பிள்ளை அல்லர். அவ்வூர்ப் பலசரக்குக் கடையிலே தொழில் பழகி, பின்பு கிளாஸ்கோ நகருக்குப் போய், கீழ்த்திசை வியாபாரி ஒருவரிடம் உத்தியோகம் பார்த்து, 1847ஆம் ஆண்டில் தம்முடைய இருபத்துநான்காவது வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர். வங்காளக் குடாவின் கரையோர வியாபாரத்தில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த ராபர்ட் மெக்கன்ஸி அவருடைய ஊர்க்காரர், பள்ளித் தோழர். இருவரும் சேர்ந்து ‘மக்கின்னன் மெக்கன்ஸி’ கம்பெனியை நிறுவினார்கள். 1853இல் ஆஸ்திரேலியக் கடலில் ‘அரோரா’ என்ற கப்பல் உடைந்தபோது மெக்கன்ஸி மூழ்கி மறைந்தார். தோழரின் பெயரை மக்கின்னன் கம்பெனியின் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கவில்லை. வியாபார உலகத்தில் இது அபூர்வமான பண்பு என்றே நான் கருதுகிறேன்.

கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் பெற்று, ‘கேப் ஆப் குட் ஹோப்’, ‘பால்டிக்’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களைக் கொண்டு 1856இல் தொடங்கப்பட்ட கல்கத்தா பர்மா கப்பல் கம்பெனி, 1862இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டு, பாரசீக வளைகுடாவுக்கும் மலாய்க் கரைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தன் கப்பல்களை அனுப்பத் தொடங்கியது. ஹூக்ளி நதிக்கரையில் உட்கார்ந்து இத்தனையையும் நடத்திய நிர்வாக ஏஜெண்டுகள் மக்கின்னன் மெக்கன்ஸியே. தீவுகளில் சிதைந்துபோன குல ஏற்பாட்டை மக்கின்னன் கம்பெனிக்குள்ளே மறுபடியும் கட்டினார் என்று சொல்வது மிகையாகாது: சகோதரியின் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள், தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்று கின்டயரிலிருந்து ஆள் எடுத்து, கல்கத்தா ஆபீசில் பழக்கி, துறைமுகம் துறைமுகமாக அமர்த்தினார். 1874இல் அந்த ஆபீசில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்த ஆர்ப்ரோத் ஊர்க்காரர் ஜேம்ஸ் மக்காய் என்பவரே பிற்காலத்தில் இன்ச்கேப் பிரபு என்ற பட்டத்துடன் அக்கப்பல் சாம்ராஜ்யத்துக்கு அதிபதியானார். மக்கின்னனுக்குச் சந்ததி இல்லை. 1889இல் கிடைத்த பாரோனெட் பட்டம் 1893இல் அவரோடு முடிந்தது. கென்யா தேசத்து ரயில் பாதையில் ‘மக்கின்னன் ரோடு’ என்று ஓர் ஊரும், கல்கத்தா ஸ்டிராண்டு ரோட்டில் ஒரு பெரிய கட்டடமும் அவர் பெயரைத் தாங்கின.

தமிழர்களுக்குப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ‘பி.ஐ. கம்பெனி’. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் டெக் டிக்கட்டு வாங்கி, தகரப் பெட்டியும் பாயுமாக அக்கரைச் சீமைக்குப் போன நம் பாட்டன்மார் ஏறியது அதன் கப்பல்களில்தான். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயர் தெரியாத குடும்பம் தஞ்சை, இராமநாதபுரம் ஜில்லாக்களில் அக்காலத்தில் அரிது. மலேயாவின் ரப்பர்க் காடுகளையும் பர்மாவின் வயல்களையும் அக்கப்பல்கள் கொண்டுபோய் இறக்கிய மனிதர்களின் உழைப்புத்தான் விளைநிலமாக்கிற்று. சொந்த மண்ணில் பிழைக்க வழியற்றுக் கடல் கடந்தவர்கள் என்ற வகையில் அவர்களும் ஸ்கைத் தீவின் குடியானவர்களும் ஒரே விதியினர். ஆனால் அக்கப்பல்களின் லாபம் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

தூத்துக்குடியில் அந்த வேற்றுமை வெளிப்பட்டது. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை, பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள், ஆகப் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டு, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, அவர் எதிர்த்து நின்றது இந்தப் பி.ஐ. கம்பெனியைத்தான். வெள்ளைக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தார்கள்; பின்னும் குறைத்தார்கள்; கடைசியில் இலவசமாகவே ஏற்றிச்சென்று குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். எடையையும் அளவையும் காத்த குலத்தின் பெயரால் நடந்த ஸ்தாபனம் நியாயமான போட்டியை இவ்வாறு நசுக்கியதை மன்னிக்க என் மனம் இடம் தரவில்லை. வில்லியம் மக்கின்னன் அப்போது உயிரோடு இல்லை என்பது உண்மையே. அவர் வகுத்த ஏற்பாடு உயிரோடு இருந்தது. 1908 மார்ச் 12ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். சிறையில் செக்கிழுத்தும் கல்லுடைத்தும் அவர் 1912 இறுதியில் விடுதலையாகி வெளியே வருவதற்குள் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. அவர் அரும்பாடுபட்டு வாங்கிய ‘காலியா’ கப்பலை விலைக்கு வாங்கிக்கொண்டதும் பி.ஐ. கம்பெனியே.

பெயர்ப்பலகையின் மற்றப் பாதியாகிய மெக்கன்ஸி என்ற குடிப்பெயருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள சம்பந்தம் இதற்கு நேர்மாறானது. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே ஊரில் பிறந்து, தென்னாட்டு ஏடுகளையும் சாசனங்களையும் வாழ்நாளெல்லாம் சேகரித்து, 1821இல் மறைந்து, கல்கத்தாவின் பார்க் தெருக் கல்லறையில் அடங்கியிருக்கும் காலின் மெக்கன்ஸியைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)