இன்முகமும் கூலியும்

விருந்தோம்பல் தமிழர்தம் பண்புகளுள் தலையாயது என்பது பலரும் பலகால் எடுத்தோதிய செய்தியாகும். விருந்தினர்முன் முகமலர்ந்து நிற்றல் யாருடைய கடமை என்னும் வினாவை நாம் ஈண்டு எழுப்ப விரும்புகிறோம். இல்லத் தலைவனுக்கு உரியதாயிருந்த அக்கடமை, கூலிபெறும் பணியாளனிடம் சென்று சேர்ந்த வரலாற்றை, வீரகேரளம்புதூரையும் தென்காசி, குற்றாலப் பகுதியையும் நிலைக்களனாகக் கொண்டு சுருங்கக் காண்போம்.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பலைப் பற்றியது. அதன் இறுதிக் குறள் விருந்தினரை அனிச்சப் பூவினும் மெல்லியராகக் காட்டுகிறது. பூ மோந்தபின்னரே வாடும். விருந்தினரோ முகம் வேறுபட்டு நோக்கிய அளவிலேயே வாடிவிடுவர். விருந்தோம்புவார்க்கு இன்றியமையாதன மூன்று என இவ்விடத்துப் பரிமேலழகர் வகுப்பார். தொலைவில் காணும்போது இன்முகம், அணுகியபோது இன்சொல், உடன்பட்டபின் நன்கு பேணுதல் என்பன அவை. அதிகாரம் இல்லறவியலில் அமைந்திருத்தலின், இம்மூன்றும் மனைக்குரியார் மேலன என்பது தெளிவு. முகமும் சோறும் புகழும் அவருடையனவே. மனையின் உழைப்பிற் பெரும்பங்கு மகளிர்மேல் விழுந்தது என்பதும் மறத்தற்கில்லை. ஆயினும், கண்ணகி தான் இழந்தவற்றுள் விருந்து எதிர்கோடலையும் எண்ணி வருந்துவதாக இளங்கோவடிகள் அமைத்திருத்தலை நோக்க, அதனை அவள் தன் உரிமையாகவும் கொண்டிருந்தாள் என்பது புலனாகும்.

இந்நிலை பிற்காலத்தும் தொடர்ந்தமைக்கு வீரகேரளம்புதூர் சான்றாகும். குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே பாயுமிடத்து அமைந்த இவ்வூர், ஊற்றுமலைச் சமீன்தார்களின் இருப்பிடமாக விளங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வாழ்ந்த இருதயாலய மருதப்பத் தேவர் புலவர்களை ஆதரித்தவர். காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அவரது அரண்மனைப் புலவராய் இருந்தார். அரண்மனையில் இலையிடவும் நீர் வார்க்கவும் ஏவலர் பலர் இருந்திருப்பர். எனினும் வருவோரை முகமலர்ந்து ஏற்கும் கடமை தேவருடையதே; அதனால் விளைந்த புகழும் அவருடையதே.

சத்திரத்தில் இந்நிலை மாறத் தொடங்குகிறது. அரசி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமை வரலாறு அறிந்ததே. சத்திரத்தில் அறத்தை நிறுவியவர் ஒருவர். நேர்நின்று சோறிடுபவர் வேறொருவர். ஆயினும் அங்கு உண்டவர் விலை கொடாதவர். ஆதலின் இன்முகத்தைத் தம் உரிமையெனக் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

குற்றாலத்தில் பழமையையும் புதுமையையும் அருகருகே காணலாம். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் இறுதிக்காலத்தில் இவ்வூரிலேயே வாழ்ந்தார். இராசாசி, கல்கி முதலிய நண்பர்கள் அவர் இல்லத்தில் விருந்தினராயினர். அங்கு விருந்தினர் கண்டது வீட்டுக்குரியவர் முகம். சாரலை நாடி வருவோர் பெருகவே, அறையை வாடகைக்கு விடும் விடுதிகளும் பெருகின. விடுதியிலோ வாயிலில் எதிர்கொள்பவர் சிப்பந்தி. இடம் முதலாளியுடையது; முகம் மட்டும் சிப்பந்தியுடையது. விருந்தினர் விலை கொடுத்தவர். ஆதலின் இன்முகமும் அவ்விலைக்குள் அடங்கியதென எண்ணுகிறார்.

ஆனி, ஆடித் திங்கள்களில் கூட்டம் மிகும். மழை மிகுந்தால் நீராடத் தடை வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவிகளில் நீராடுதல் தடுக்கப்பட்டது. இத்தகைய தடை உயிர்காக்கும் தடை. வெள்ளத்தைத் தருவது மலை. தடையை விதிப்பது அரசு. ஆயினும் நெடுந்தொலைவு வந்து அருவியாடாது திரும்புவோரின் ஏமாற்றம் சினமாக வெளிப்படுமிடம் விடுதியின் வரவேற்பு மேசையும் உணவு மேசையுமே. தாம் செய்யாத குற்றத்திற்கு முகங்கோணாமல் விடையிறுத்தல் சிப்பந்தியின் வேலையாகிறது.

இவ்வேலைக்கு உணர்ச்சி உழைப்பு எனப் பெயரிடலாம். அமெரிக்க விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து இக்கருத்தை 1983-இல் நூலாக விளக்கியவர் ஆர்லி ஹாக்சைல்டு என்னும் சமூகவியலறிஞர். முகத்தளவில் நடித்தல், உள்ளத்தையே வேண்டியவாறு மாற்றிக்கொள்ளுதல் என அதனை அவர் இருவகைப்படுத்துவார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பயின்றார்க்கு இதன் முரண் எளிதில் விளங்கும். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது உடலில் தோன்றுதல். கூலிக்குரிய இன்முகத்திலோ முறை தலைகீழாகிறது: முகத்தில் முதலில் தோன்றவேண்டும், உள்ளம் அதன்பின் இணங்கவேண்டும். இணங்காதவிடத்து வெகுளியை அகத்தடக்கி நகையைப் புறங்காட்டும் சுமை நாள்தோறும் எஞ்சுகிறது.

சட்டம் இச்சுமையை எவ்வளவு கண்டது? 1958-இல் சென்னை மாநிலத்தில் உணவு விடுதி முதலியவற்றின் பணியாளர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பெற்று, வேலை நேரமும் ஓய்வும் வரையறுக்கப்பட்டன. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பெற்று, பணியாளர்க்கு இருக்கை அளித்தல் கடமையாக்கப்பட்டது. முன்னது காலத்தை அளந்தது; பின்னது நின்று நின்று வருந்தும் காலின் நோவை அறிந்தது. முகத்தின் உழைப்பு இவற்றின் கணக்கில் இல்லை.

உணர்ச்சியை அளத்தல் இயலுமோ எனின், இயலாதுதான். ஆனால் வசைமொழியாளரிடமிருந்து விலகிநிற்கும் உரிமையையும், அதன்பின் சிறிது தனித்திருக்கும் பொழுதையும் அளித்தல் இயலும். அவ்விடத்து முதலாளியோ மேலாளரோ முன்வந்து விடைகூறுதலும் இயலும். அவ்வாறு முன்வருதல் புதுமையன்று. பரிமேலழகர் விருந்தோம்புவார்மேல் வைத்த கடமையை அதற்குரியார் மீண்டும் ஏற்றலேயாம்.

விடுதியாளர் தம் பணியாளர்க்கு அறிவுரையாக அனிச்சக் குறளைக் காட்டுவராயின், அக்குறள் மனைக்குரியாரை நோக்கியது என்பதையும் அவர் நினைதல் வேண்டும். விருந்தினராகச் செல்லும் நாமும் நினைதற்குரியது ஒன்றுண்டு. முகம் வேறுபட்டு நோக்கினால் வாடுவோர் விருந்தினர் மட்டுமல்லர். மேசைக்கு அப்பால் நிற்பவரும் வாடுவர். வாடியதைக் காட்டும் உரிமை அவர்க்கு இல்லை என்பதே வேறுபாடு.