மானிப்பாயில் தமிழில் கற்ற மருத்துவம்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ அறிவைத் தமிழில் எழுதி வைப்பது பழைய வழக்கம். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் அப்படி எழுந்த நூல்கள். ஏட்டுச்சுவடிகளாகப் பரியாரியார் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. மேலைநாட்டு மருத்துவம் மட்டும் ஆங்கிலத்தில் வந்து ஆங்கிலத்திலேயே தங்கியது. 1820 முதல் பண்டத்தரிப்பில் சிகிச்சை செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் காலத்திலிருந்து நோயாளிகளுக்கு மருந்து கிடைத்தது. அந்த மருந்துக்குப் பின்னால் இருந்த அறிவு ஊருக்குள் இறங்கவில்லை.

இதை மாற்ற முனைந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருத்துவமனையோடு ஒரு சிறு வகுப்பையும் தொடங்கினார். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மாணவர்கள் நன்றாகவே படித்தார்கள். ஆனால் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தானுக்கு அரசாங்க உத்தியோகமும் சம்பளமும் வெளியூரில் காத்திருந்தன. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களில் பலர் போன வழியும் அதுவே. வாந்திபேதியும் அம்மையும் வந்தபோது தவித்த கிராமங்களுக்கு அதனால் பயன் இல்லை. ஊரிலேயே தங்கி ஊராரின் நோய் தீர்க்கும் வைத்தியர்கள் வேண்டுமானால் அவர்கள் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று கிறீன் முடிவு செய்தார். 1864இல் தொடங்கிய வகுப்பு தமிழில் நடந்தது.

முடிவு எளிது, புத்தகம்தான் இல்லை. அதற்கான உழைப்பைக் கிறீன் வெகு முன்பே தொடங்கியிருந்தார். 1850களில் கட்டரின் உடற்கூற்று நூல் ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ என்று தமிழில் வந்தது. 1862இல் விடுமுறை முடிந்து திரும்பிய பின் வேலை வேகம் பிடித்தது. துரூயிற்றின் அறுவை மருத்துவ நூல் ‘இரணவைத்தியம்’ ஆக 1867இல் வெளிவந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதலில் அச்சானது 1858இல்; பதினான்கே ஆண்டுகளில், 1872இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழ் மாணவர் கைக்கு வந்துவிட்டது. 1875இல் வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’. எல்லாம் சேர்ந்து நான்காயிரம் பக்கங்களுக்கு மேல்.

சொல் தேடும் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று பார்ப்பது, இல்லையென்றால் வடமொழி, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுவது. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று செய்யுளில் கேட்டுப் பழகிய காதுக்கு அங்காதிபாதம் அந்நியமாகப் படாது. காயத்துக்கும் புண்ணுக்கும் இரணம் என்று சொல்லும் ஊரில் ‘இரணவைத்தியம்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்பது விளங்கும். ‘கெமிஸ்தம்’ மூன்றாம் வழியில் பிறந்தது. தமிழ் ஈற்றைப் பெற்று நிற்கிறது. இந்தச் சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் ஒரு துறை முழுவதையும் தமிழில் சிந்திக்க முடியும் என்று அவை காட்டிவிட்டன. பின்வந்த கலைச்சொல் முயற்சிகளுக்கு அது பெரிய துணிவு.

இது ஒருவர் வேலை அல்ல. டன்போர்த், சப்மன் போன்ற மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். கிறீன் பார்த்துத் திருத்தினார். பெயரைப் பார்த்து அவர்களை அமெரிக்கர் என்று எண்ணிவிடலாகாது. மிஷன் பள்ளிகளில் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைச் சுமந்த தமிழர்கள் அவர்கள்.

கிறீன் மதம் பரப்ப வந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தமிழ் நூல்களில் செலவிட்ட ஆண்டுகள் அமெரிக்க மருத்துவ உலகில் அவருக்குப் பேரோ பதவியோ தேடித்தரக்கூடியவை அல்ல. மாணவர்களுக்கும் அப்படியே. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. உத்தியோக மதிப்பு அந்த வழியில் இருந்தது. அப்படியிருந்தும் மானிப்பாயில் அவரிடம் பயின்று வெளியேறியவர்கள் அறுபதுக்கு மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழில் கற்றவர்கள்.

1873இல் கிறீன் ஊர் திரும்பினார். அவர் போன பின் தமிழ் வகுப்பு நீடிக்கவில்லை. மானிப்பாயிலும் ஆங்கிலம் திரும்பியது. நூல் வேலையை மட்டும் அவர் விடவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். டால்ற்றனின் உடலியங்கியல் நூல் 1883இல் ‘மனுஷ சுகரணம்’ ஆக வந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்த மாநகரத்தின் வரலாற்றில் பெரிய பெயர். தம்பியின் கல்லறைக் கல், அவர் விரும்பியபடியே, அவரைத் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று குறிக்கிறது.