கணையம் எம்மண்டலத்தைச் சார்ந்தது?

உயிரணுக்கள் கூடித் திசுவாகும், திசுக்கள் கூடி உறுப்பாகும், உறுப்புகள் கூடி மண்டலமாகும் என்று சரீர சாஸ்திர நூல்கள் வகுத்துரைக்கும் வரிசை மாணாக்கர்க்குப் பெரிதும் உபகாரமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நான்கு நிலைகளும் ஒரே தன்மையின அல்ல என்பதும், முன்னவை இயற்கையில் உள்ளபடி காணப்படுவனவாக, மண்டலம் என்பது தொழில் நோக்கி நம் புத்தி வகுத்த பகுப்பே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. பூதக்கண்ணாடியை நம்பாத பிஷா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1801இல் 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார். 1839இல் ஷ்வான் விலங்குடல் முழுவதும் உயிரணுக்களால் ஆயது என நிறுவினார். திசு வகைகளின் எண்ணிக்கை பின்னர் நான்காகச் சுருங்கியதேயன்றி, திசு என்பது உண்டென்ற கொள்கைக்கு ஊறு நேரவில்லை.

மண்டலத்தின் நிலையோ வேறு. இரைப்பையின் பின்னே கிடக்கும் கணையத்தின் நாளத்தை 1642இல் பாதுவா நகரில் வீர்சுங் கண்டறிந்தார். அந்நாளத்தின் வழியே குடலுக்குச் செல்லும் நீர் மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் செரிக்கச் செய்வதால், அவ்வுறுப்பு ஜீரண மண்டலத்தைச் சார்ந்ததென்பது நெடுங்காலம் ஐயமற்ற முடிபாயிருந்தது. 1869இல் பெர்லினில் மாணவராயிருந்த லாங்கர்ஹான்ஸ், கணையத்தினுள் ஆங்காங்கே தனித்து நிற்கும் அணுத் திட்டுகளைக் கண்டு, அவற்றின் தொழில் தமக்குத் தெரியவில்லை என்று நேர்மையோடு எழுதிவைத்தார். 1889இல் மேரிங், மின்கோவ்ஸ்கி இருவரும் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு கண்டது. நாளத்தை மட்டும் கட்டி நீரைத் தடுத்தாலோ அந்நோய் அவ்வாறு தோன்றுவதில்லை. ஆகவே காரணம் அந்நீரன்று, குருதியில் நேரே கலக்கும் வேறொன்று என்பது விளங்கிற்று. அதுவே லாங்கர்ஹான்ஸ் கண்ட திட்டுகளில் சுரப்பதும், 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்ததுமான இன்சுலின்.

அங்ஙனமாயின் திட்டுகளை மட்டும் நாளமில்லாச் சுரப்பி மண்டலத்தில் சேர்த்து, எஞ்சிய பகுதியை ஜீரணத்துக்கே விட்டுவிடலாமே என்று ஆட்சேபிப்போர் உளர். இவ்வாதம் நிலைபெறாது. இருவகை அணுக்களும் கருவில் ஒரே முன்குடற் சுவரினின்று பிறப்பன. திட்டுகளைக் கடந்த குருதியில் ஒரு பகுதி அயலிலுள்ள செரிநீர் அணுக்களிடையே பாய்ந்து அவற்றின் தொழிலையும் மாற்றுகிறது. அதனினும் வலிய சான்று, 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகியோர் செய்த பரிசோதனை: குடற்பகுதியொன்றின் நரம்புகளை அறுத்தபின் அதனுள் அமிலம் செலுத்தியபோதும் கணையம் சுரந்தது. குடலின் உட்சுவர் குருதியில் விடும் செக்ரிட்டின் என்னும் பொருளே அதனைத் தூண்டிற்று. எனவே செரிமானத்துக்கே உரியதென்று எண்ணப்பட்ட குடலும் நாளமில்லாச் சுரப்பியாயிற்று. ஆட்சேபிப்போர் கணையத்தின் நடுவே இழுத்த கோட்டைக் குடலின் நடுவேயும் இழுக்க வேண்டியவராவர்.

இதனால் மண்டலப் பகுப்பு பொய்யென்று கூறினேனல்லேன். அது தொழில்களின் பெயரே தவிர உறுப்புகளின் உடைமைப் பத்திரமன்று. கணையத்தை இரு அத்தியாயங்களில் பேசும் நூலாசிரியரிடம் குறையில்லை. அது எம்மண்டலத்தது என்று வினவி ஒரே விடைக்கு மதிப்பெண் தரும் வினாத்தாளே திருத்தத்தக்கது.